சாவி தலைவரிடம் இருக்கிறது

சரஸ்வதி பூஜை அன்று காலை, பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், அறிவழகன் வீட்டுப் புத்தக அலமாரித் திறப்பு விழாவுக்கு வந்திருந்தவர்கள்:

இல்ல நூலக மேன்மைப் பேரவையின் தலைவர் முனைவர் இளையபெருமாள். தனியார் கல்லூரி ஒன்றின் முதல்வரும் அவரே. அந்த வீட்டின் ஒரே நாற்காலியில்.

பேரவையின் அழகியல் செயலாளர் குழந்தைவேல். அலமாரியை யாரும் தொட்டுவிடாதபடி அதன் பக்கத்தில்.

மரத் தேர்வுத் துணைக்குழு, வண்ண ஒழுங்குத் துணைக்குழு, இடைவெளித் துணைக்குழு. மூன்றிலும் அதே நான்கு பேர்.

போட்டோகிராபர் வேல்முருகன். கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டு.

அலமாரி செய்த சாமிக்கண்ணு ஆசாரி. வாசலுக்கு வெளியே. உள்ளே வந்தால் அலமாரிக் கதவு ஏன் இடிக்கிறது என்று யாராவது கேட்பார்கள்.

வீட்டுக்காரன் அறிவழகன், முதல்வரின் கார் டிரைவர். நிற்க இடமில்லாமல் சமையலறையில்.

அவன் மனைவி சத்யப்பிரியா. அந்த வீட்டில் புத்தகம் படிக்கிற ஒரே ஆள். அழைப்பிதழில் பெயர் இல்லை. டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் அறிவழகன் ஆசைப்பட்டது நாலு தட்டு வைத்த ஒரு மர அடுக்குக்குத்தான். சத்யப்பிரியா அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் ஜன்னலோரம் தையல் மிஷினில் ஜாக்கெட் தைப்பாள். மிஷின் பலகையின் ஓரத்தில் ஒரு புத்தகம் விரிந்திருக்கும். மற்றவை ஒரு சிமெண்ட் சாக்குக்குள், கட்டிலுக்கு அடியில். ஆடி மாதம் சாக்கை இழுத்துப் பார்த்தபோது இந்திய அரசியலமைப்பில் கரையான் ஏறியிருந்தது. அடிப்படை உரிமைகள் முழுக்கப் போய்விட்டன. கடமைகள் மட்டும் மிச்சமிருந்தன.

"இந்தத் தடவை எழுதிடறேங்க. இதுவும் இல்லைன்னா வுட்டுடறேன். காலத்துக்கும் மிஷினை மிதிச்சுட்டுக் கெடக்கறேன்" என்றாள் சத்யப்பிரியா.

மறுநாளே அறிவழகன் துறைமங்கலத்தில் சாமிக்கண்ணு ஆசாரியின் பட்டறைக்குப் போனான். வேப்பமரத்தில் நாலு தட்டு, கதவு வேண்டாம் என்றான். ஆசாரி நாளைக்கே முடித்துவிடலாம் என்றார். அவர் எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார். ஆனால் அப்போது அவர் கல்லூரிக்கு ஒரு சொற்பொழிவு மேடை செய்துகொண்டிருந்தார். அதைப் பார்க்க வந்த முதல்வரிடம், பேச வேறு ஒன்றும் இல்லாததால், "ஒங்க டிரைவர் தம்பிகூட பொஸ்தக அலமாரி கேட்டிருக்காப்ல சார்" என்றார்.

அன்று வீடு திரும்பும்போது காரின் பின்சீட்டிலிருந்து இளையபெருமாள் கேட்டார்.

"அறிவு, புத்தக அலமாரி செய்யறியாமே?"

"ஆமா சார். சும்மா நாலு தட்டு."

"சும்மா." அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து மீன் முள்ளை எடுப்பதுபோல வெளியே எடுத்தார். "புத்தக அலமாரின்னா புத்தகம் வைக்கிற எடம்னு நெனச்சிருக்க."

"ஆமா சார்."

"அது கீழ்மட்டச் சிந்தனை. ஒருத்தன் என்ன படிச்சிருக்கான்ங்கறது அவனுக்கு மட்டும்தான் தெரியும். என்ன அடுக்கி வச்சிருக்கான்ங்கறது ஊருக்கே தெரியும். எது பெருசு?"

அறிவழகன் வேகத்தடையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பதில் சொல்லவில்லை. அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

பேரவை ஆண்டுதோறும் ஒரு வீட்டை மாதிரி இல்ல நூலகமாகத் தேர்ந்தெடுத்து வந்தது. இதுவரை தேர்வானவை எல்லாம் உறுப்பினர்களின் சொந்த வீடுகள். இப்போது வீடுகள் தீர்ந்துவிட்டன. அடுத்த கூட்டத்தில் இளையபெருமாள் எழுந்து, "நமக்கு ஓர் எளிய குடும்பம் தேவைப்பட்டது. அது என் காரையே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது" என்று அறிவித்தார். கைதட்டினார்கள்.

மரத் தேர்வுத் துணைக்குழு பட்டறையில் கூடியது.

"வேம்பு கசப்பு. வாசிப்பு இனிப்பு. ஒத்துவராது" என்றார் ஒருவர்.

"அப்ப பலா?"

"பலா தவிலுக்கு ஆனது. நூலகத்துல சத்தம் கூடாது."

உடையார்பாளையத்திலிருந்து வந்திருந்த உறுப்பினர், தன் தோப்பில் காற்றுக்கு விழுந்து கிடக்கும் முந்திரி மரங்களைப் பற்றிச் சொன்னார். முந்திரி அடுப்புக்குத்தான் ஆகும் என்று யாரோ சொல்ல, அவர் வெளிநடப்புச் செய்தார். சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். ஆசாரியைக் கேட்டார்கள். "எல்லாமே நல்ல மரந்தாங்க" என்றார் அவர். தேக்கு என்று முடிவாயிற்று.

"சார், தேக்கு நமக்குத் தாங்காதுங்க" என்றான் அறிவழகன்.

"சம்பளத்துல கொஞ்சங்கொஞ்சமா பிடிச்சுக்கலாம். நீ ஏன் அதை நெனச்சுக் கஷ்டப்படற? அதுக்குத்தான் ஆபீஸ்ல ஆள் இருக்கு."

கண்ணாடிக் கதவும் பூட்டும் வைத்த தேக்கு அலமாரி புரட்டாசியில் வந்து இறங்கியது. அந்த வீட்டில் அது நிற்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஜன்னலோரம். தையல் மிஷின் வாசலுக்கு, தகரக் கூரைக்கு அடியில் போனது.

"வெளிச்சம் அங்கதாம்மா நல்லாருக்கும்" என்றார் குழந்தைவேல்.

"மழை பேஞ்சா சார்?"

"அலமாரி மேல படாது."

குழந்தைவேல் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர். சத்யப்பிரியாவின் புத்தகங்களைத் தரையில் பரப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, இழவு வீட்டுக்கு வந்தவரைப் போல அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா கலரு இதெல்லாம்?"

"கைடுங்க சார். அவங்க போடற அட்டை அப்படித்தான் இருக்கும்."

"ஒண்ணு பச்சை. ஒண்ணு ரோஸு. இதுக்குப் பேரே இல்ல. ஒரே இரைச்சலா இருக்கும்மா."

"பொஸ்தகம் சத்தம் போடாதுங்களே சார்."

"கண்ணுக்குப் போடும்."

புத்தகங்களைத் திருப்பி வைப்பது என்று அவர் தீர்மானித்தார். முதுகு சுவரைப் பார்க்கும். தாள் விளிம்பு வெளியே தெரியும். வெளிநாட்டில் எல்லாம் இப்போது இப்படித்தான் என்றார். எல்லாப் புத்தகங்களும் ஒரே மாதிரி, அவித்த கிழங்கின் நிறத்துக்கு வந்தன.

"இதுல எது எந்தப் பொஸ்தகம்னு எப்படி சார் தெரியும்?"

"எடுத்தாத்தானம்மா அந்தக் கேள்வி வரும்."

அடுத்து இடைவெளி. ஒவ்வொரு தட்டிலும் ஒரு பங்கு புத்தகம், ஒரு பங்கு பொருள், ஒரு பங்கு வெறுமை என்பது பேரவையின் கொள்கை. புத்தகம் மூச்சு விட வேண்டும். ஆகவே மண்குதிரை ஒன்று வந்தது. பித்தளை விளக்கு வந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளாண்ட் வந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டிய இடத்தில் கிடைத்த, கல்லாய்ச் சமைந்த ஒரு நத்தை வந்தது. "கடல் இங்க இருந்தப்ப ஊர்ந்தது. இதுவும் ஒரு நூல்தான்" என்று சொல்லி அதை வரலாற்று கைடின் மேல் வைத்தார் குழந்தைவேல். மேல் தட்டு முழுவதும் தலைவரின் மணிவிழா மலர், விற்காமல் இருந்த பிரதிகள் அனைத்தும். அவற்றின் அட்டை வெளியே தெரியும்படி இருந்தது. அது ஆரஞ்சு நிறம். வண்ண ஒழுங்குத் துணைக்குழு கூடி, அது அமைதியான ஆரஞ்சு என்று தீர்மானம் போட்டது.

சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை செய்துதான் எடுப்பார்கள். அதுவரை படிக்கக் கூடாது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான், பிள்ளைகளுக்கு வருஷத்திலேயே பிடித்த நாள் அது. ஒரு நாள்தானே என்று சத்யப்பிரியா எல்லாவற்றையும் கொடுத்தாள். ரெண்டு வருஷமாகக் கையால் எழுதிய நோட்டுகளையும் கொடுத்தாள். கீழ்த் தட்டுக்குத் தாள் கொஞ்சம் பற்றாமல் இருந்ததால் குழந்தைவேலே அவற்றைக் கேட்டு வாங்கினார்.

கற்பூரம் காட்டியதும் இளையபெருமாள் பேசினார்.

"வாசிப்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களால் புத்தகத்துக்கு ஏற்படும் சேதம் கொஞ்சமல்ல. ஓரம் மடிக்கிறார்கள். எச்சில் தொட்டுப் புரட்டுகிறார்கள். நடுவில் பேனா வைத்து மூடுகிறார்கள். புத்தகத்தை வாசகனிடமிருந்து காப்பாற்றும் நிறுவனம் ஒன்று இந்த மண்ணில் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையை நாம் போக்கியிருக்கிறோம்."

பிறகு அலமாரியைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுபூஜைக்குத் தானே வந்து திறப்பதாகச் சொன்னார். வந்தவர்கள் டீயை வேண்டாம் என்றார்கள். காரில் கொண்டுவந்திருந்த பாட்டில் தண்ணீரைக் குடித்தார்கள். "ஒங்களுக்கு ஏம்மா சிரமம்" என்றார்கள்.

மறுநாள் அவர் வரவில்லை. விஜயதசமிக்குப் பல பள்ளிகளில் பிள்ளைகளின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்க வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும் வரவில்லை. அதற்குள் அரியலூரிலிருந்து ஆட்சேபம் வந்துவிட்டது.

அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடியும் பிரித்தார்கள். பேரவை மட்டும் பிரியாமல் இரண்டு மாவட்டத்துக்கும் பொதுவாக இருந்தது. அரியலூர்ப் பிரிவின் தலைவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை பெரியம்மாள், பூஜையைப் பெரம்பலூர் செய்துவிட்டது, மறுபூஜையை அரியலூர் இல்லாமல் செய்யக் கூடாது என்றார். நத்தை எங்களுடையது என்றும் சொன்னார். நாள் பார்க்க ஆரம்பித்தார்கள். அவருக்குத் தோதான நாளில் அஷ்டமி வந்தது. இவருக்குத் தோதான நாளில் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது.

சத்யப்பிரியா முதல்வரைக் கல்லூரியிலேயே போய்ப் பார்த்தாள்.

"சார், பரீட்சை கிட்ட வந்துடுச்சு. சாவியைக் குடுத்தீங்கன்னா எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துட்டுப் பூட்டி, சாவியை அவருட்டயே குடுத்தனுப்பிடறேன்."

"என்ன படிக்கிற?"

"குரூப் எக்ஸாம் சார்."

"அது படிப்பு இல்லம்மா. தேர்வு. வாசிப்புங்கறது வேற." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஒரு புத்தகத்தை உருவற. பக்கத்துல இருக்கறது சாயும். அது சாஞ்சா நத்தை உருளும். நத்தை உருண்டா அரியலூர்ப் பிரிவு என்ன நெனைக்கும்? யோசிச்சியா?"

"நோட்டாவது குடுங்க சார். என் கையால எழுதினது. அது எந்தக் கடையிலயும் கெடைக்காது."

"கையெழுத்து நல்லாருக்குன்னு குழந்தைவேல்கூட சொன்னாரு."

"அப்ப நான் எதைப் பாத்து சார் படிக்கறது?"

"நூலகத்துக்குப் போ. படிக்கறவங்களுக்குன்னு அரசாங்கம் தனியா நூலகம் கட்டி வச்சிருக்கு. வீட்ல இருக்கறது மாதிரி நூலகம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

அவர் கோபப்படவில்லை. அவளுக்கு ஒரு மணிவிழா மலர் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்குப் பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். பள்ளி ஆசிரியர்கள், சுயஉதவிக் குழுக்கள், கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி. எல்லோரும் அலமாரி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓர் ஆசிரியை, "இதெல்லாம் நீங்க படிச்சதா?" என்று கேட்டார்.

"படிக்கணும்னு இருக்கேன்" என்றாள் சத்யப்பிரியா.

"கொடுத்து வச்சவங்க" என்றார் அவர்.

கடைசியில் நாள் குறித்துவிட்டார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை நல்ல நேரத்தில் மறுபூஜை. அறிவழகன் செய்தியைக் கொண்டுவந்தபோது சத்யப்பிரியா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்தாமல் சொன்னாள்:

"அன்னைக்குத்தாங்க பரீட்சை."

"சொல்லிப் பாக்கறேன்" என்றான்.

"சொன்னா பரீட்சையைத் தள்ளிவைக்கச் சொல்லுவாரு."

விழாவுக்கு முன்னால் இடிக்கிற கதவைச் சரிசெய்ய பேரவை சாமிக்கண்ணு ஆசாரியை அனுப்பியது. ஆசாரி இழைப்புளியால் ரெண்டு இழுப்பு இழுத்தார். எண்ணெய் விட்டார். கிளம்பாமல் தலையைச் சொரிந்துகொண்டு நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்க. அலமாரியைச் செவுத்தைவுட்டு மட்டும் நகத்திடாத."

"ஏண்ணே?"

"முதுகு தேக்கு இல்ல. பலகை பத்தல. அதாவது பத்திச்சு, அதுல ஒரு மணப்பலகை செஞ்சுட்டேன், மச்சினன் வூட்டு விசேசத்துக்கு. பின்னாடி சும்மா பிளைவுட்டு. ஆணியும் மூலைக்கு ஒண்ணுதான். இழுத்தா கையோட வந்துடும். தலைவருக்குத் தெரிஞ்சுதுன்னா மேடைக் காசு வராது எனக்கு."

"நகத்த மாட்டண்ணே" என்றாள் சத்யப்பிரியா.

ஆசாரியின் டிவிஎஸ் தெருமுனை திரும்பியதும் நகர்த்தினாள்.

பிளைவுட் அவர் சொன்னதைவிட எளிதாக வந்தது. பின்னாலிருந்து பார்த்தபோது முதுகுகள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. பச்சை, ரோஸ், பேர் இல்லாத அந்த நிறம். எது எந்தப் புத்தகம் என்று ஒரே பார்வையில் தெரிந்தது. நோட்டு முதல் எல்லாவற்றையும் உருவி எடுத்தாள். முன்னால் தெரிவது தாள் விளிம்பு மட்டும்தானே. காரில் சேர்ந்து கிடந்த பழைய செய்தித்தாள்களை அறிவழகன் அள்ளிக்கொண்டு வந்தான். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறவளுக்குப் புத்தகத்துக்கு அளவு எடுப்பது பெரிய வேலை இல்லை. மடித்து, வெட்டி, நூல் போட்டுக் கட்டி அந்தந்த இடத்தில் செருகினாள். பிளைவுட்டைத் திரும்ப ஆணியில் அழுத்தி, அலமாரியைச் சுவரோடு சேர்த்தாள். நத்தை அசையவில்லை.

ரெண்டு நாள் கழித்துக் குழந்தைவேல் கடைசிப் பார்வைக்கு வந்தார். கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார்.

"என்னமோ தெரியலம்மா, முன்னைவிட இப்ப நல்ல அமைதியா இருக்கு."

"மூச்சு விடுதுங்க சார்" என்றாள் சத்யப்பிரியா. தகரக் கூரைக்கு அடியில், மிஷின் பலகையில், கோணிக்குக் கீழே, கரையானுக்குப் பிறகு வாங்கிய புதுப் பதிப்பில் அடிப்படை உரிமைகள் விரிந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல்வரின் கார் சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. அறிவழகனின் பைக் காருக்கும் வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. தேர்வு நடப்பது டவுனின் மறுகோடியில் ஒரு பள்ளியில். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு கலெக்டரே கேட்டாலும் திறக்க மாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டில் கிட்டத்தட்ட அந்த அர்த்தத்தில் போட்டிருந்தது.

பெரியம்மாள் தாமதமாக வந்தார். வந்ததும் நத்தையை விசாரித்தார். பை மாட்டிக்கொண்டிருந்த சத்யப்பிரியாவைக் குழந்தைவேல் பார்த்துவிட்டார்.

"எங்கம்மா கெளம்பிட்ட?"

"பரீட்சைங்க சார். ஒம்போதுக்குள்ள போவணும்."

"குடும்பத் தலைவி விளக்கு புடிக்காம மறுபூஜையா? எளிய குடும்பம் இல்லாம போட்டோ எப்படிம்மா எடுக்கறது?" என்று சொல்லி விளக்கை அவள் கையில் கொடுத்தார்.

இளையபெருமாள் சாவியை எடுத்துத் தட்டில் வைத்து, அதற்குப் பொட்டு வைத்தார். நல்ல நேரத்துக்காக மணியைப் பார்த்தார்; சத்யப்பிரியாவும் பார்த்தாள். "அறிவு, காரை வெயில்ல போட்டிருக்க பாரு. நெழலா பாத்துப் போடு" என்றார். அறிவழகன் சத்யப்பிரியாவைப் பார்த்துவிட்டு வெளியே போனான்.

பேரவையின் விதிப்படி, தலைவர் அலமாரியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்து, முதல் வரியை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்க வேண்டும். இளையபெருமாள் கீழ்த் தட்டில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். குரலைச் சரிசெய்துகொண்டார்.

"சின்ன வெங்காயம் வரத்துக் குறைந்தது."

நிறுத்தினார். கையில் இருப்பதைப் பார்த்தார். நூல் கட்டிய செய்தித்தாள். சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"ஆகா" என்றார் பெரியம்மாள், கண்ணைத் திறக்காமல். "எவ்வளவு எளிமை. நம்ம மண்ணோட வாசனை அப்படியே வருது. யாரு எழுதினதுங்க?"

இளையபெருமாள் கதவருகே விளக்கோடு நின்ற சத்யப்பிரியாவைப் பார்த்தார். அந்த அறையில் கண் திறந்திருந்தது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். செய்தித்தாள் என்று சொன்னால், இத்தனை நாள் இத்தனை பேர் வந்து கும்பிட்டுவிட்டுப் போனது எதை என்றும் சொல்ல வேண்டும்.

"நம்ம மாவட்டத்து எழுத்துதான்" என்றார்.

"எந்த மாவட்டம்?" என்றார் பெரியம்மாள்.

"ரெண்டும்."

"நிறுத்தாதீங்க. வாசிங்க."

"வியாபாரிகள் கவலை" என்று வாசித்தார் இளையபெருமாள். குழந்தைவேல் உருகிப்போய் இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றார். சத்யப்பிரியா விளக்கை அந்தக் கைகளில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

சந்து முனையில் கார் முன்பக்கத்தைத் திருப்பி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க நின்றது. அவள் பின்கதவைத் திறந்து, முதல்வர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கங்க நெழலு?"

"பரீட்சை நடக்கற பள்ளிக்கூடத்து வாசல்ல ஒரு புளியமரம் இருக்கு. ஊருலயே அதுதான் நல்ல நெழலு."

"வேலை போயிடும்ங்க."

"அலமாரிக் கடன் இன்னும் இருக்குல்ல. அது முடியறவரைக்கும் அனுப்ப மாட்டாங்க."

பாலக்கரையில் ஒரு கல்யாண வேன் குறுக்கே நின்றது. அறிவழகனின் போன் அடித்தது. முதல்வரின் பெயர். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சத்யப்பிரியா நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதடு மட்டும் அசைந்தது. வேன் நகர்ந்தது.

பள்ளியின் பெரிய கேட்டை ஏற்கெனவே சாத்திவிட்டிருந்தார்கள். அதிலிருந்த சின்னக் கதவு மட்டும் திறந்திருந்தது. காவலாளி ஒரு கையில் பூட்டோடு மறு கையால் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா தாயி, வா வா. எத்தனை பேருக்குத்தான் காத்துக்கெடக்கறது. பை உள்ள போவாது."

அவள் பையை அறிவழகன் கையில் திணித்தாள். நோட்டையும் கொடுத்தாள். ஹால் டிக்கெட், பேனா, ஆதார் அட்டை மூன்றையும் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக் குனிந்து சின்னக் கதவுக்குள் நுழைந்தாள்.

காவலாளி கதவைச் சாத்தினார். பூட்டை மாட்டி அழுத்தினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். சத்யப்பிரியா உள்ளே இருந்தாள்.